ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்: பூமியைக் கிண்டப் போன ஆறு பேர்

(திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் சினிமா கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: அண்ணாச்சி, பேரழிவுப் படங்களில் அநியாயத்துக்கு அடி வாங்கினது ‘தி கோர்’ என்று போன இதழில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நழுவிவிட்டீர்கள். ஹாஸ்டலில் போட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். அப்படி என்னதான் கண்டீர்கள் அதில்?

தூங்கினவனை விடுங்க. சிரிச்சவன் சரியாத்தான் பார்த்திருக்கான். நாம சிரிச்சுக்கிட்டே பார்க்க வேண்டிய படம் அது. ஆனா படத்துக்குள்ள இருக்கிறவன் ஒருத்தன்கூட சிரிக்க மாட்டான். ருசியே அதுலதான் இருக்கு.

2003-ல வந்தது, ஜான் ஏமியல் இயக்கம். பாஸ்டன் நகரத்துல ஒரு ஆளு கோட்டு சூட்டோட மீட்டிங்குக்கு வந்து, வந்த இடத்துலயே செத்து விழுதான். அதே நேரத்துல அக்கம்பக்கத்துத் தெருவுல பேஸ்மேக்கர் வச்சிருந்தவங்க அம்புட்டு பேரும் விழுதாங்க. லண்டன்ல டிரஃபால்கர் சதுக்கத்துப் புறாக்களுக்குக் கிறுக்குப் பிடிச்சு, ஜன்னல், காரு, ஆளு எதையும் பார்க்காம மோதுது. விண்வெளி ஓடம் ஒண்ணு தடம் மாறி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆத்தோட சிமெண்ட் கால்வாய்க்குள்ள வந்து இறங்குது. காரணம், பூமிக்கு நடுவுல சுத்திக்கிட்டிருந்த இரும்புக் குழம்பு நின்னு போச்சு. காந்தப்புலம் கலைஞ்சுக்கிட்டு வருது. ஒரு வருஷத்துல உலகம் வெந்துரும். என்ன வழி? ஆறு பேரு ஒரு கப்பல்ல ஏறி, பூமியைக் குடைஞ்சு நடுவுக்குப் போயி, அணுகுண்டு வச்சு அந்தக் குழம்பைக் கிண்டி விட்டுட்டுத் திரும்பணும்.

இந்தக் கதையைச் சொல்லுத நடிகன் முகத்துல ‘எனக்கும் தெரியும், இது புளுகுதான்’னு ஒரு இளிப்பு எட்டிப் பார்த்தாப் போதும், படம் படுத்துரும். இங்க அது வரவே வராது. ஆரோன் எக்ஹார்ட் ராணுவ ஜெனரல்களுக்கு முன்னால ஒரு பீச் பழத்தை எடுத்து இதுதான் பூமிங்கிறார். தோலு, சதை, கொட்டைன்னு காட்டுதார். அப்புறம் ரூமுக்கு அடிக்கிற வாசனை ஸ்பிரேயைப் பீய்ச்சி, லைட்டரைப் பத்த வச்சுப் பழத்தைக் கருக்கிக் காட்டுதார். கம்ப்யூட்டர் கிடையாது, வரைபடம் கிடையாது. தரை டிக்கெட்டுக்காரனுக்கும் முழுக்கதையும் விளங்கிரும். படம் பூரா நாலு வெடி வெடிச்சா அம்பது நிமிஷம் வாயால விளக்கம் சொல்லுத இந்தக் காலத்து டைரக்டர்கள் இந்த ஒரு சீனைப் போட்டுப் பார்க்கலாம்.

பாலைவனத்துல தன்னந்தனியா கப்பலுக்கு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கிற விஞ்ஞானி டெல்ராய் லிண்டோ. மூணு மாசத்துல செஞ்சு முடிக்க எவ்வளவு ஆகும்னு ஜெனரல் கேக்குதார். இவரு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அம்பது பில்லியன் டாலர்ங்கிறார். நம்ம கணக்குல ஐயாயிரம் கோடி டாலர். செக்கு வாங்கிக்கிடுவீங்களான்னு ஜெனரல் கேக்குதார் பாருங்க, மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்க்கிற தோரணையில! அந்த இடத்துல நான் இந்தப் படத்துக்கு அடிமையாயிட்டேன்.

ஆனா என் ஓட்டு ஸ்டான்லி டூச்சிக்குத்தான். ஜிம்ஸ்கின்னு ஒரு தற்பெருமை பிடிச்ச விஞ்ஞானி. எங்க போனாலும் கையில டேப் ரிக்கார்டர், எதிர்கால உலகத்துக்காகத் தன் பேச்சைத் தானே பதிஞ்சுக்கிடுவார். கடைசியில அணுகுண்டுப் பெட்டியோட மாட்டிக்கிட்டு, சாகப் போற நேரத்துலயும் ரிக்கார்டரை எடுத்துப் பேச ஆரம்பிக்கார். இந்த டேப்பை எவன் கேக்கப் போறான்னு அவருக்கே உறைச்சு, சிரிப்பு வந்துருது. உங்க ஹாஸ்டல்ல அந்த நேரம் முழிச்சிருந்தவங்க யாராவது உண்டா?

வாசகி, வண்ணார்பேட்டை: இவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் ஓடவில்லை?

நல்ல படம்னு நான் சொல்லலையே தாயி. ரசிச்சுப் பார்க்கத் தோதான படம்னுதான் சொல்லுதேன்.

ஓடாததுக்கு நேரமும் ஒரு காரணம்னு நினைக்கேன். 2003 பிப்ரவரி 1-ல கொலம்பியா ஓடம் வானத்துலயே சிதறி, நம்ம கல்பனா சாவ்லாவோட ஏழு பேரு போனாங்க. ரெண்டு மாசம்கூட ஆகலை, மார்ச் 28-ல இந்தப் படம். அதுல ஓடம் தடம் மாறுத சீன். எந்த மனுஷனுக்கு ரசிக்க மனசு வரும்? அதுக்கு ஒரு வாரம் முந்தி மார்ச் 20-ல ஈராக் யுத்தம் வேற ஆரம்பிச்சாச்சு. ஜனங்க வீட்டு டிவியிலயே குண்டு வெடிக்கிறதைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, காசு குடுத்து வேற பார்க்கணுமா? உலகம் முழுக்க வசூல் ஏழரைக் கோடி டாலரைத் தொடலை. அந்த அளவு செலவு பண்ணின படத்துக்கு அது நஷ்டக் கணக்கு.

இன்னொண்ணு, கிராஃபிக்ஸ் பல இடத்துல பல்லிளிக்கும். கோல்டன் கேட் பாலம் உருகி விழுத சீன் அன்னைக்கே சுமார்தான். ரோம்ல இடி மின்னல் விழுந்து கொலோசியம் சிதறுதது அதைவிடத் தேவலை.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், அம்பாசமுத்திரம்: படத்தில் வரும் அறிவியல் முழுக்க அபத்தம். பூமியின் மையம் நிற்பதாம், சூரியனின் மைக்ரோவேவ் பாலத்தை உருக்குமாம். இதைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்களே, நியாயமா?

சார்வாள், வணக்கம். பிரம்பைக் கொஞ்சம் கீழ வைங்க. நீங்க சொல்லுதது அம்புட்டும் சரி.

மைக்ரோவேவுக்கும் காந்தப்புலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. காந்தப்புலம் தடுக்கிறது சூரியன்ல இருந்து வாற மின்னூட்டத் துகள்களை. மைக்ரோவேவ், வெளிச்சம் மாதிரியானதுகளை அது ஒண்ணும் பண்ணாது. போக, சூரியன்ல இருந்து வாற மைக்ரோவேவுக்குப் பாலத்தை உருக்குத சீவனும் கிடையாது. உள்ள இருக்கிற குழம்பு நின்னு போச்சுன்னே வச்சுக்கிடுவோம். அப்பவும் காந்தப்புலம் மறுநாளே போயிராது, மெல்ல மெல்லத் தேய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். புறாக்கள் திசை கண்டுபிடிக்கக் காந்தப்புலத்தையும் பயன்படுத்துதுங்கிறது நிசம். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு ஜன்னல்ல மோதாது. காந்தம் போயிட்டாலும் கூந்தன்குளத்துக்கு வாற வரித்தலை வாத்து வழி தவறலாமே தவிர, ஊருக்குள்ள புளிய மரம் எது, கரண்டு கம்பம் எதுன்னு தெரியாமலா போகும்?

ஆனா சார்வாள், என் பேரன் இந்தப் படத்தைப் பார்த்து முடிச்சுட்டு, ‘தாத்தா, நிசமாவே பூமிக்கு நடுவுல என்ன இருக்கு, யாரு போய்ப் பார்த்தா?’ன்னு கேட்டான். பாடப் புத்தகத்துல பூமியோட உள்பக்கத்தைக் காட்டுத படம் கலர்ல இருக்கு, இத்தனை நாள் அவன் ஒருவாட்டிகூட கேக்கலை. கேட்டப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா? நானும் படிச்சேன்.

யாரும் போய்ப் பார்க்கலை. பூகம்பம் வாறப்ப அந்த அதிர்வு பூமிக்குள்ள பாய்ஞ்சு மறுபக்கம் வருது. எங்க வளையுது, எங்க மறையுதுன்னு கணக்குப் போட்டுத்தான் உள்ள இருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நடுவுல கெட்டியா ஒரு உருண்டை உண்டுன்னு 1936-ல சொன்னது இங்கே லேமன்னு டென்மார்க்கு அம்மா ஒருத்தங்க. மனுஷன் பூமியில போட்ட ஆழமான துளை ரஷ்யாவுல கோலாங்கிற இடத்துல இருக்கு, 12,262 மீட்டர். நம்ம ஜங்ஷன்ல இருந்து திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் போற தூரம், அவ்வளவுதான். படத்துல அந்த ஆறு பேரு போக வேண்டிய குழம்பு ஆரம்பிக்கிறது 2,900 கிலோமீட்டருக்குக் கீழ. திருநெல்வேலியில ரயில் ஏறி டெல்லி வரைக்கும் போற தூரம் ஏறக்குறைய. கிருஷ்ணாபுரத்தோட நின்னுபோன மனுஷன் டெல்லி போன கதையைப் படமா எடுத்திருக்கான், அதுக்காவது ஒரு மார்க்கு போடுங்க.

கிருஷ்ணாபுரம்னு சொன்னது சும்மா இல்லை. சிலை பார்க்கப் போறவங்களுக்கு அங்க இருக்கிற இன்னொரு சங்கதி தெரியாது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆராய்ச்சி மையம் அங்கதான் இருக்கு. ஏன் இங்க வந்து வச்சாங்க? பூமியோட காந்த நடுக்கோடு நம்ம ஊரை ஒட்டிப் போகுது. தும்பாவுல 1963-ல முதல் ராக்கெட்டை விட்டதும் அதே கோட்டை நம்பித்தான். காந்த ஊசியை நடுவுல தொங்க விட்டா ஐரோப்பாவுல வடக்கு முனை தரையைப் பார்த்துச் சாயும். நம்ம ஊருல அநேகமாப் படுத்த வாக்குல நிக்கும். பகல்ல நம்ம தலைக்கு மேல நூறு கிலோமீட்டர் சொச்ச உயரத்துல, மேற்கே இருந்து கிழக்கால ஒரு மின்னோட்டம் பாயுது. நிலநடுக்கோட்டு மின்தாரைன்னு பேரு. அது தரையில உண்டாக்குத காந்த மாறுதலை அளக்கிறதும் அங்க ஒரு வேலை. அந்த வழியா பஸ்ஸுல எத்தனை தடவை போயிருப்போம்! புளுகுப் படம் ஒண்ணு வந்துதான் எனக்கு இதைப் படிக்க வச்சுது. உங்க கிளாஸ்ல உட்கார்ந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், என் ராசி அப்படி.

வாசகர், மேலப்பாளையம்: 2023-ல் நிஜமாகவே பூமியின் மையம் நின்றுவிட்டது என்று செய்தி வந்ததே?

தலைப்பு போட்டவன் இந்தப் படத்தைப் பார்த்திருப்பான். பெய்ஜிங் பல்கலைக்கழக ஆட்கள் ரெண்டு பேரு 2023 ஜனவரியில ஒரு கட்டுரை போட்டாங்க. நடுவுல இருக்கிற கெட்டி உருண்டை, மேல நாம இருக்கிற பூமியைவிடக் கொஞ்சம் முந்திச் சுத்திக்கிட்டிருந்தது, 2009 வாக்குல அந்த முந்துதலு நின்னு சமமாயிட்டுன்னு அவங்க கணக்கு. பக்கத்துல போற பஸ் நம்ம வேகத்துக்கே வந்துட்டா நின்ன மாதிரி தெரியும்லா, அந்தக் கதை. படத்துல நிக்கிறது அதைச் சுத்தி இருக்கிற குழம்பு. ரெண்டும் வேற வேற. பயப்படாமத் தூங்குங்க.

பள்ளி மாணவி, பணகுடி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிறார்கள். மேலே போக இன்ஜின் செய்கிறவர்கள் கீழே போகவும் செய்ய முடியாதா?

கேள்வின்னா இது கேள்வி!

மேல போறது லேசும்மா. மேல போகப் போக ஒண்ணுமே இல்லாத வெளி. கீழ போகப் போக அமுக்கும். பூமியோட நட்ட நடுவுல, நாம இப்போ தாங்கிக்கிட்டிருக்கிற காத்தழுத்தத்தைப் போல 36 லட்சம் மடங்கு. சூடு ஐயாயிரம் டிகிரிக்கு மேல. அதைத் தாங்குத உலோகம் இன்னும் பிறக்கலை. படத்துல, அமுக்க அமுக்கப் பலமாகிற, சூட்டை மின்சாரமா மாத்துத ஒரு உலோகத்தைக் கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்லி, அதுக்கு ‘கிடைக்காத சாமான்’னு அர்த்தம் வாற மாதிரியே பேரும் வச்சுருதாங்க. அந்தத் துணிச்சலுக்கே ஒரு விசில் அடிக்கலாம்.

ஆனா ஒண்ணு கேளு. படம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, 2003 மே மாசம் ‘நேச்சர்’ பத்திரிகையில டேவிட் ஸ்டீவன்சன்னு ஒரு பெரிய விஞ்ஞானி ஒரு யோசனை எழுதினார். அணுகுண்டு வலுவுல பூமியில ஒரு வெடிப்பு உண்டாக்கி, அதுக்குள்ள லட்சம் டன்ல இருந்து சில பத்து லட்சம் டன் வரைக்கும் உருகின இரும்பை ஊத்தணும். கனத்துல இரும்பு தானே பொளந்துக்கிட்டு இறங்கும். அதுக்குள்ள பெரிய நார்த்தங்காய் அளவுல ஒரு கருவியைப் போட்டு விட்டா ஒரு வாரத்துல மையத்துக்குப் போயிரும். பாதி விளையாட்டு, பாதி நிசம். விண்வெளிக்கு இவ்வளவு செலவழிக்கிறீங்களே, காலுக்குக் கீழ இருக்கிறதை யாராவது யோசிச்சீங்களாங்கிறதுதான் அவர் கேள்வி. நீயும் அதையேதான் கேட்டிருக்க.

வாசகர், ஸ்ரீவைகுண்டம்: 2023 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவன் நான். அதற்கப்புறம் பேரழிவுப் படங்களை ரசிக்க எப்படி மனசு வருகிறது உங்களுக்கு?

உங்க ஊரைப் பத்தி நான் சொல்லவா வேணும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. உங்க ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோட நின்னு, சுத்தித் தண்ணி. இங்க ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல தண்ணி நின்ன உயரத்தைப் பார்த்தவன் நான்.

வெள்ளப் படம் எனக்கு முடியலை அண்ணாச்சி. சுனாமிப் படமும் அப்படித்தான், 2004-க்கு அப்புறம். மகன் ஒரு தடவை டிவியில போட்டான், எழுந்து திண்ணைக்குப் போயிட்டேன். அதுல அலை வாறப்ப டைரக்டர் அழகு பார்க்கார், எனக்கு அது ஆகலை. பூமிக்கு நடுவுல நடக்கிற கதையில அந்தத் தொந்தரவு இல்லை. அங்க நம்ம சொந்தக்காரன் எவனும் இல்லை, நம்ம வீட்டுச் சாமான் எதுவும் மிதக்கலை. நடக்கவே நடக்காதுங்கிற தைரியத்துலதான் பொரியைக் கொறிச்சுக்கிட்டுப் பார்க்கேன். நீங்க பார்க்க வேண்டாம்னு நினைச்சா அதுல ஒரு குத்தமும் இல்லை.

வாசகர், தென்காசி: இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. நீங்கள் ஓட்டியிருந்தால் ‘தி கோர்’ படத்துக்கு எங்கே இடைவேளை விடுவீர்கள்?

இப்படிக் கேக்குத ஆளு இன்னும் இருக்கீகளேன்னு சந்தோசமா இருக்கு.

தொழில் சங்கதி சொல்லுதேன். 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். தமிழ்ப் படம்னா பதினாலாயிரம், பதினஞ்சாயிரம் அடி. இந்தப் படம் ரெண்டே கால் மணி நேரம், பன்னிரண்டாயிரம் அடி சொச்சம் வரும். வெள்ளைக்காரன் இடைவேளைன்னு ஒண்ணை யோசிச்சே எடுக்க மாட்டான். நாமதான் பூத்துல உட்கார்ந்து, ஏதாவது ரீல் முடியுத இடமாப் பார்த்து விடணும். கேன்டீன்காரர் சீக்கிரம் விடச் சொல்லுவார், வடை ஆறிரும். மேனேஜர் பைய விடச் சொல்லுவார், அடுத்த ஷோ கூட்டம் வெளிய நெரியும். ஜெயிச்ச இடத்துல மட்டும் விடவே கூடாது. பாதிப் பேரு படம் முடிஞ்சுட்டுன்னு சைக்கிளை எடுக்கப் போயிருவான்.

கப்பலு மரியானா அகழிக் கடலுக்குள்ள பாயுத இடம் ஒண்ணு இருக்கு. புதுசா வந்த பையன்னா அங்க விடுவான். வேண்டாம். அதுவரைக்கும் கப்பல்ல போற ஆறு பேர்ல ஒருத்தனும் சாகலை, டீக்கடையில நின்னு பேச விஷயம் இருக்காது.

நான் விடுதது அதுக்கப்புறம். கீழ போற கப்பலு திடீர்னு ஒரு பெரிய பொந்துக்குள்ள விழுது. சுத்தி மலை மலையாப் படிகம். முன்பக்கம் மாட்டிக்கிட்டு. கவச உடுப்பு மாட்டி இறங்கி வெட்டி எடுக்காங்க. மேல இருந்து தீக்குழம்பு இறங்கிக்கிட்டே வருது. ஒருவழியா வேலை முடியுத நேரம், கப்பல் தலைவர் ப்ரூஸ் க்ரீன்வுட் தலைக்கவசத்தைப் படிகத் துண்டு ஒண்ணு குத்திரும். அப்படியே சரிஞ்சு குழம்புல விழுந்துருவார். வீர வசனம் கிடையாது, பின்னணிப் பாட்டு கிடையாது. மத்தவங்களுக்கு அழவும் நேரமில்லை. இனி கப்பலை ஓட்ட வேண்டியது ஹிலாரி ஸ்வாங்க். அவங்க முகத்தைக் காட்டின உடனே ‘இடைவேளை’ ஸ்லைடு.

பத்து நிமிஷமும் வெளிய ஒரே பேச்சா இருக்கும், இந்தப் பொம்பளை ஓட்டிருவாளா மாட்டாளான்னு. அந்தம்மா அதுக்கு முன்னாடியே ஒரு ஆஸ்கர், பின்னாடி ஒண்ணு வாங்கினவங்க. இந்தக் கப்பலையும் அதே மாதிரி பொறுப்பாத்தான் ஓட்டுதாங்க. இடைவேளைக்கு அப்புறம் ஒவ்வொருத்தராப் போவாங்க. அந்த பிரெஞ்சுக்காரர் செக்கி காரியோ அறைக்குள்ள மாட்டி, அறை சுருங்கிச் சுருங்கி அவரை நசுக்குத சீன் இருக்கே, அதுக்கு என் தியேட்டர் பெஞ்சுல ஒரு பய மூச்சு விட்டிருக்க மாட்டான். கடைசியில திமிங்கலம் வந்து வழி காட்டுதப்ப கைதட்டல் நிச்சயம். மிருகம் உதவி பண்ணினா நம்ம ஜனம் கைதட்டாம இருந்து நான் பார்த்ததில்லை.

வாசகி, சங்கரன்கோவில்: சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பத்து வயசுக்கு மேலன்னா பார்க்கலாம். முகம் சுளிக்கிற சீன் கிடையாது. சாவு நிறைய உண்டு, ரத்தம் கம்மி. இன்டர்நெட்டுல செய்தி எதுவும் வெளிய போகாம ஒத்தையா அடைச்சு வைக்கிற கம்ப்யூட்டர் பையன் ஒருத்தன் வாரான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு நிச்சயதார்த்தச் செய்தியை அடைச்சு வைக்க அவனால முடியுமாங்கிறது எனக்குச் சந்தேகம்.

வாசகர், களக்காடு: 1997-ல் இரண்டு எரிமலைப் படங்கள் வந்தன, ‘டான்டேஸ் பீக்’, ‘வால்கேனோ’. எது தேவலை?

பிப்ரவரியில முதலாவது, ஏப்ரல்ல ரெண்டாவது. அம்பாசமுத்திரம் சார்வாள் கோபத்துல இருக்கார், அவருக்கு ‘டான்டேஸ் பீக்’ போட்டுக் காட்டுங்க. சாம்பல், சேத்து வெள்ளம் எல்லாம் ஓரளவு ஒழுங்கா இருக்கும். ஏரி பூரா ஆசிட்டா மாறி, படகு கரை சேர்றதுக்குள்ள ஓட்டையாகுது. அதுல ஒரு ஆச்சி குதிச்சுப் படகைத் தள்ளிட்டு வருவா, பார்க்கவே முடியாது. ‘வால்கேனோ’ல லாஸ் ஏஞ்சல்ஸ் நடுத்தெருவுல எரிமலை கிளம்பி, நெருப்புக் குழம்பு பைய பைய வரும். டாமி லீ ஜோன்ஸ் ரோட்டுக்குக் குறுக்க சிமெண்ட் தடுப்பு வச்சு அதை மறிப்பார். நான் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, வெத்திலை போட்டுக்கிட்டு உட்கார்ந்தா, ரெண்டாவதைத்தான் போடுவேன்.